பார்த்ததும் பார்க்காததும்: சித்திரத் தன்வரலாறுகளில் காயத்தின் நினைவு



1972ஆம் ஆண்டை முதலில் உங்கள் முன் வைக்கிறேன். தமிழில் முத்து காமிக்ஸ் தொடங்கிய ஆண்டு அது. இரும்புக்கை மாயாவி நம் வீடுகளுக்குள் நுழைந்த காலம். அதே ஆண்டில் ஜப்பானில் கெய்ஜி நகசாவா என்ற ஓவியர், ஆறு வயதில் ஹிரோஷிமாவில் தனக்கு நேர்ந்ததைப் படக்கதையாக வரைந்து, சிறுவர் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். ‘நான் பார்த்தேன்’ என்று அதற்குத் தலைப்பு வைத்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆர்ட் ஸ்பீகல்மேன் என்ற 24 வயது இளைஞர், போலந்து யூதரான தன் தந்தை நாஜிகளிடம் பட்ட பாட்டை எலியும் பூனையுமாக மூன்று பக்கங்களில் வரைந்தார். தன் தாய் 1968இல் தற்கொலை செய்துகொண்டதை நான்கு பக்கங்களில் வரைந்ததும் அதே ஆண்டில்தான்.

நகசாவாவும் ஸ்பீகல்மேனும் அப்போது ஒருவர் வேலையை மற்றவர் அறியாதவர்கள். படக்கதை என்றால் சாகசம், சிரிப்பு, சிறுவர்களுக்கான பொழுதுபோக்கு என்றிருந்த உலகத்தில், மனிதர் பேச முடியாமல் திணறிய விஷயங்களைச் சொல்ல இருவரும் அந்த வடிவத்தையே நாடினார்கள். ஏன் என்பதுதான் இன்று என் கேள்வி. அதற்கு நான் கண்ட விடையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடந்ததை முழுதாக மீட்டுத் தருவதால் இந்த நூல்கள் நம் நம்பிக்கையைப் பெறவில்லை. எதை நேரில் கண்டேன், எதைக் கேட்டறிந்தேன், எது எனக்கே தெரியாது என்பதைக் கோட்டாலேயே பிரித்துக் காட்டுவதால்தான் அவை சாட்சியம் ஆகின்றன.

மனக்காயத்தின் நினைவு எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சாதாரண நினைவை நாம் வரிசையாகச் சொல்ல முடியும். பெருங்கொடுமைக்கு ஆளானவரின் நினைவு அப்படி வருவதில்லை. ஒரு காட்சி மட்டும் கூர்மையாக, அழையாமல், திரும்பத் திரும்ப வரும். அதற்கு முன்னும் பின்னும் வெறுமையாக இருக்கும். இருபது வருடத்துக்கு முந்தையது இன்றைக்கு நடப்பதுபோல் உடம்பை உலுக்கும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் துயரம் பெரிதாகப் பேசப்பட்ட பிறகு, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்த நிலையைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது ஒரு படக்கதைப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். அது கட்டம் கட்டமாக உடைந்துதான் இருக்கிறது. கட்டங்களுக்கு நடுவே வெள்ளை இடைவெளி. அந்த இடைவெளியில் நடந்ததை யாரும் வரையவில்லை. வாசகர்தான் மனதால் இட்டு நிரப்புகிறார். ஸ்காட் மெக்கிளவுட் 1993இல் வெளியிட்ட ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில் படக்கதையின் உயிரே அந்த இடைவெளியில் இருப்பதாக விரிவாகக் காட்டினார். இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கத்தில் நேற்றும் இன்றும் அருகருகே நிற்க முடியும். கண் ஒன்றைப் படிக்கும்போதே மற்றொன்று ஓரத்தில் தெரிந்துகொண்டிருக்கும். காயப்பட்ட மனம் காலத்தை அனுபவிக்கும் விதமும் அதுதான்.

ஸ்பீகல்மேனின் ‘மவுஸ்’ நூலிலிருந்து மூன்று இடங்களைக் காட்டுகிறேன். அந்த மூன்று பக்கக் கதை பின்னர் பெரும் நூலாக வளர்ந்து, 1986லும் 1991லும் இரண்டு பாகங்களாக வந்தது. 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. யூதர்கள் எலிகள், ஜெர்மானியர் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். தந்தை விளாடெக் பேசுவதை மகன் ஒலிநாடாவில் பதிந்து, கேட்டுக் கேட்டு வரைந்த நூல் அது. ஆகவே அதில் இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஒன்று, போலந்தில் தந்தைக்கு நடந்தது. மற்றது, அதை நியூயார்க்கில் மகன் கேட்டு வாங்கிய கதை.

முதல் இடம். தந்தையும் மகனும் மருமகளும் அமெரிக்காவின் கேட்ஸ்கில்ஸ் மலைப்பகுதியில் காரில் போகிறார்கள். அவுஷ்விட்ஸ் நாஜி முகாமில் கிளர்ச்சிக்காக வெடிமருந்து கடத்தித் தந்த நான்கு இளம்பெண்கள் தூக்கிலிடப்பட்டதைத் தந்தை சொல்கிறார். அடுத்த கட்டத்தில், கார் போகும் அந்த அமெரிக்கக் காட்டின் மரங்களிலிருந்து அவர்களுடைய கால்கள் தொங்குகின்றன. இடம் 1979ஆம் ஆண்டு அமெரிக்கா. கால்கள் அவுஷ்விட்ஸைச் சேர்ந்தவை. ‘அந்த நினைவு இன்னும் அவரை விடவில்லை’ என்று எழுதினால் தலையசைத்துவிட்டுக் கடந்துவிடுவோம். இங்கே காரின் மேலேயே கால்கள் தொங்குகின்றன. மகனும் அந்தக் காருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டாவது இடத்தை நான் உலகத்தின் மிகச் சிறந்த சாட்சியப் பக்கங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். முகாமின் வாயிலில் கைதிகளைக் கொண்டே ஓர் இசைக்குழு நடத்தப்பட்டது. வேலைக்கு அணிவகுத்துப் போகிறவர்களுக்கு அது வாசித்தது. வரலாற்றில் பதிவான செய்தி இது. மகன் இதைப் படித்துவிட்டுத் தந்தையிடம் கேட்கிறார். தந்தை மறுக்கிறார். தான் நடந்து போனது மட்டுமே நினைவிருப்பதாகவும், காவலர்களின் கத்தல் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்றும் சொல்கிறார். வரைகிறவர் யார் பக்கம் நிற்பது? தந்தை சொன்னதையே வேதவாக்காகக் கொண்டால் வரலாறு தவறும். ஆவணம்தான் சரி என்று தந்தையை ஒதுக்கினால் சாட்சி அவமதிக்கப்படுவார். ஸ்பீகல்மேன் முதல் கட்டத்தில் இசைக்குழுவை வரைந்தார். தந்தை மறுத்த பிறகு வரும் கட்டத்தில், அணிவகுத்துப் போகும் கைதிகளின் உடல்கள் இசைக்குழுவை மறைத்துவிடுகின்றன. ஆனாலும் தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அடி எடுத்துவைக்கப் பயந்து நடந்த மனிதரின் மனம் எதைக் கேட்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது. அங்கே எது ஒலித்தது என்பதும் இருக்கிறது. இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றது அழிக்கப்படவில்லை.

மூன்றாவது, ஒரு தகரப் பட்டறை. அவுஷ்விட்ஸில் விளாடெக் தகர வேலை செய்தவர். ‘பட்டறையில் வேலை பார்த்தார்’ என்று எழுத ஒரு நொடி போதும். வரைய வேண்டுமென்றால் அங்கே என்னென்ன கருவிகள் இருந்தன, எங்கே இருந்தன என்று தெரிய வேண்டும். அதற்குள் தந்தை இறந்துவிட்டார். மகன் தான் சிகிச்சைக்குப் போகும் மனநல மருத்துவரிடம் இந்தத் தவிப்பைச் சொல்கிறார். அவரும் முகாமிலிருந்து தப்பியவர். துளையிடும் எந்திரம் இருந்திருக்கலாம், வெட்டும் எந்திரம் இருந்திருக்கலாம் என்று அவர் சொல்லித் தருகிறார். இந்த உரையாடலையும் நூலுக்குள்ளேயே வரைந்து வைத்திருக்கிறார் ஸ்பீகல்மேன். அந்தப் பட்டறை யார் உதவியால், எந்த அளவு ஊகத்தால் வரையப்பட்டது என்பதை நாம் தெரிந்துகொண்டுதான் பார்க்கிறோம்.

இந்த நூலில் நிரப்பவே முடியாத ஓர் இடமும் உண்டு. தாய் ஆன்யா தன் கதையைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு, துக்கம் தாளாமல் விளாடெக் அவற்றை எரித்துவிட்டார். இதைத் தந்தையின் வாயால் அறிந்து மகன் வெடித்துப் போவதோடு முதல் பாகம் முடிகிறது. அதன் பிறகு தாயின் குரலைக் கற்பனையால் உருவாக்க ஸ்பீகல்மேன் முயலவே இல்லை. 1972இல் வரைந்த அந்த நான்கு பக்கங்களை அப்படியே நூலுக்குள் ஒட்டினார். அவற்றில் எலிகள் இல்லை, மனித முகங்கள். கோடுகள் மரச்செதுக்கு போல முரட்டுத்தனமானவை. பக்க ஓரங்கள் கறுப்பு. நூலின் மற்றப் பக்கங்களோடு அவை ஒட்டவே இல்லை. ஒட்டவேண்டிய அவசியமும் இல்லை. தாயின் மரணம் மகனின் வாழ்க்கையில் அப்படித்தான் கிடக்கிறது.

தான் பிறப்பதற்கு முன் நடந்த கொடுமையைத் தன் சொந்த நினைவுபோலச் சுமக்கும் பிள்ளைகளின் நிலைக்கு, மரியான் ஹிர்ஷ் என்ற அறிஞர் ‘பின்நினைவு’ என்று பெயரிட்டார். 1992இல் அவர் அந்தக் கருத்தை முன்வைத்ததே ‘மவுஸ்’ நூலைப் பற்றிய கட்டுரையில்தான்.

நகசாவாவிடம் வருவோம். 1945 ஆகஸ்ட் 6 காலை, பள்ளியின் வாயிலருகே நின்ற சிறுவனைக் கற்சுவர் ஒன்று காப்பாற்றியது. வீட்டில் தந்தை, அக்காள், தம்பி மூவரும் இறந்தார்கள். நிறைமாதமாக இருந்த தாய் அன்றே வீதியோரத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். சில மாதங்களில் அதுவும் போயிற்று. வளர்ந்து டோக்கியோவுக்கு வந்த நகசாவா இதைப் பற்றிப் பல ஆண்டுகள் வாயே திறக்கவில்லை. அணுகுண்டுக்குத் தப்பியவர்களைச் சமூகம் ஒதுக்கி வைத்த காலம் அது. 1966இல் தாய் இறந்தார். எரியூட்டிய பின் எலும்பு பொறுக்கப் போனபோது சாம்பல் தவிர எதுவும் மிஞ்சவில்லை. கதிர்வீச்சு தன் தாயின் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அவர் நம்பினார். அந்தக் கோபம்தான் அவரை வரைய வைத்தது. முதலில் வரைந்த கதையைப் பெரிய பத்திரிகைகள் ஏற்கத் தயங்கின. 1968இல்தான் அது அச்சேறியது. அடுத்து ‘நான் பார்த்தேன்’. 1973இல் ‘வெறுங்கால் கென்’ தொடர் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வளர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வீட்டின் அடியில் சிக்கிய தந்தையும் தம்பியும் தீயில் எரிவதைச் சிறுவன் நகசாவா நேரில் பார்க்கவில்லை. அதைக் கண்டவர் தாய். அவர் சொல்லித்தான் மகனுக்குத் தெரியும். ஆனால் ‘வெறுங்கால் கென்’ கதையில் சிறுவன் கென் அந்த இடத்திலேயே நிற்கிறான். உத்தரத்தைத் தூக்க முயன்று தோற்கிறான். தாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். நகசாவா பொய் சொன்னாரா? இல்லை. தொடரின் நாயகன் பெயர் கென், நகசாவா அல்ல. தான் அங்கே இல்லை என்பதைத் தன் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே எழுதினார். தாய் ஆயிரம் முறை சொல்லி அழுத காட்சி மகனின் கண்ணுக்குள் குடியேறிவிட்டது; எங்கோ இருந்து தப்பித்த பிள்ளை, அங்கே இருந்திருக்க வேண்டுமே என்று வாழ்நாள் முழுவதும் துடித்த துடிப்புதான் அந்த உத்தரத்தைப் பற்றிய சிறு கைகள் என்று நான் வாசிக்கிறேன். நேரில் கண்டதை ஒரு நூலிலும், காணாததால் வந்த வேதனையை இன்னொரு நூலிலும் அவர் வைத்தார். இரண்டையும் சேர்த்துப் படிப்பது நம் கடமை.

ஈரானின் மர்ஜானே சத்ரபி வேறு வழியில் போகிறார். 2000 முதல் 2003 வரை பிரெஞ்சில் நான்கு தொகுதிகளாக வந்த ‘பெர்செபொலிஸ்’ தமிழிலும் நூலாக வந்திருக்கிறது. சாம்பல் நிறச் சாயல்கூட இல்லாத, கறுப்பும் வெள்ளையும் மட்டுமான படங்கள். அரசியல் கைதி ஒருவரைத் துண்டு துண்டாக வெட்டிக் கொன்றதைப் பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள்; சிறுமி மர்ஜி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் மனதில் தோன்றும் உருவத்தை சத்ரபி வரைகிறார். பொம்மையைக் கழற்றி வைத்ததுபோல் மூட்டு மூட்டாக, உள்ளே ஒன்றுமில்லாமல், ரத்தமில்லாமல் ஓர் உடல். அந்தக் குழந்தைக்கு மனித உடல் வெட்டுப்படுவது எப்படி இருக்கும் என்று தெரியாது. ஓவியருக்குத் தெரியும், ஆனாலும் குழந்தைக்குத் தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார். கொடுமையின் கனத்தை நமக்கு உணர்த்துவது அந்த அறியாமைதான்.

இன்னோர் அத்தியாயத்தில் ஒரே பக்கத்தில் இரண்டு படங்கள். மேலே, சொர்க்கத்தின் சாவி என்று கழுத்தில் மாட்டிவிடப்பட்ட பிளாஸ்டிக் சாவிகளோடு ஏழைச் சிறுவர்கள் கண்ணிவெடி வயலில் சிதறுகிறார்கள். கீழே, மர்ஜியும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் விருந்தில் ஆடுகிறார்கள். துள்ளும் உடல்கள் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கின்றன. தான் உயிரோடிருப்பதற்குத் தன் வர்க்கமும் ஒரு காரணம் என்ற குற்றவுணர்வை, ஒரு விளக்கமும் இல்லாமல் அந்தப் பக்கத்தின் அமைப்பே சொல்லிவிடுகிறது.

பிறகு ஒரு நாள் அவள் தெருவில் ஏவுகணை விழுகிறது. பக்கத்து வீட்டுத் தோழியின் கைவளையல் இடிபாட்டுக்குள் தெரிகிறது. வளையல் மட்டும் இல்லை என்பது அவளுக்குப் புரிகிறது. வாயை மூடுகிறாள், கண்ணை மூடுகிறாள், கடைசிக் கட்டம் முழுக்கக் கறுப்பு. அதில் எதுவும் வரையப்படவில்லை. ஓர் ஓவியர் தன் கதையின் மிக முக்கியமான இடத்தில் படம் வரைய மறுக்கிறார். அந்த மறுப்பும் நினைவின் ஒரு பகுதி.

போரும் முகாமும் மட்டுமே காயம் தருவதில்லை, வீடும் தரும். அமெரிக்க ஓவியர் அலிசன் பெக்டெலின் ‘ஃபன் ஹோம்’ 2006இல் வந்தது. அவருடைய தந்தை 1980இல் சாலையில் லாரி மோதி இறந்தார். விபத்தா, தற்கொலையா என்பது உறுதியாகத் தெரியவில்லை. தந்தை தன்பாலின ஈர்ப்பை வாழ்நாள் முழுவதும் மறைத்து வைத்தவர் என்பதை மகள் அறிந்து சில மாதங்களுக்குள் அந்த மரணம். பெக்டெல் குடும்பப் புகைப்படங்களைக் கையால் படியெடுத்தார். ஒவ்வொரு பாத்திரமாகவும், தந்தையாகவும்கூட, தானே நின்று தன்னைப் படம்பிடித்து, அதைப் பார்த்து வரைந்தார். தந்தையின் உடல் நின்ற நிலையில் தானும் நின்று பார்ப்பது, அவரைப் புரிந்துகொள்ள உடலால் எடுத்த முயற்சி.

அந்த நூலில் அவருடைய சிறுவயது நாட்குறிப்பு வருகிறது. பத்து வயதுச் சிறுமி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், தான் அப்படி நினைப்பதாக மட்டுமே பொருள்படும் சிறு சொற்களைச் சேர்க்கிறாள். தான் எழுதுவது உண்மைதானா என்ற சந்தேகம் அவளை அரிக்கிறது. நாளடைவில் அந்தச் சொற்கள் ஒரு வளைந்த குறியாகச் சுருங்குகின்றன. பிறகு அந்தக் குறி பெரிதாகிப் பக்கத்தையே மூடுகிறது. வீட்டில் எதுவும் வெளியே தெரிவதுபோல் இல்லை என்பதை உணர்ந்த பிள்ளையின் நோய் அது. நாற்பது வயது கடந்த ஓவியர் அந்தப் பக்கங்களைக் கோடு பிசகாமல் மறுபடி வரைகிறார். தந்தையின் மரணத்துக்கு உறுதியான தீர்ப்பு எதையும் கடைசிவரை அவர் எழுதவில்லை.

இவ்வளவு கொடுமையைப் படமாக வரைந்தால் அது அழகுப் பொருளாகிவிடாதா, மலிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நான் சொன்ன நால்வரும் அந்த ஆபத்தை அறிந்தவர்கள். அச்சில் வரும் அதே அளவிலேயே, சாதாரண மைப்பேனாவால் ‘மவுஸ்’ வரையப்பட்டது. கைத்திறனைப் பார்த்து நாம் வியந்து நின்றுவிடக் கூடாது என்ற கட்டுப்பாடு அதில் தெரிகிறது. தான் கண்டதைவிடக் குறைத்தே வரைந்ததாக நகசாவா சொல்லியிருக்கிறார். அளவோடு வரைந்தும் இந்த நூல்கள் இன்றைக்கும் சிலரைக் கலங்கடிக்கின்றன. 2022 ஜனவரியில் டென்னிசி மாநிலத்தின் ஒரு கவுண்டியில் பள்ளி வாரியம் ‘மவுஸ்’ நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. சில வசைச் சொற்களும் ஒரு நிர்வாணப் படமும் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்தப் படம், குளியல் தொட்டியில் இறந்து கிடக்கும் தாயின் சிறு உருவம். 2023இல் ஹிரோஷிமா நகரமே தன் பள்ளிகளின் அமைதிக் கல்விப் பாடங்களிலிருந்து ‘வெறுங்கால் கென்’ பகுதிகளை எடுத்தது. பிள்ளைகளைக் காப்பதாகச் சொல்லித்தான் இவை நடக்கின்றன. ஆனால் நகசாவா ஆறு வயதில் அதைக் கண்டார். ஆறு வயதுப் பிள்ளைக்கு நடந்ததை வேறு பிள்ளைகள் படமாகக்கூடப் பார்க்கக் கூடாது என்றால், நாம் காப்பது பிள்ளைகளையா, நம் நிம்மதியையா?

திரைப்படத்தில் காட்சி தன் வேகத்தில் ஓடிவிடும். இங்கே பக்கத்தைத் திருப்பும் கை நம்முடையது. தாங்க முடியாவிட்டால் மூடி வைக்கலாம். மனம் தேறிய பின் திறக்கலாம். ஒரு சிறுவனையோ சிறுமியையோ கொடுமையின் அருகே அழைத்துச் செல்ல, ஆசிரியர் ஒருவர் உடனிருந்தால், இதைவிடப் பொறுப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பேச்சை நம் பக்கம் திருப்பாமல் முடிக்க முடியாது. 2019இல் இலங்கைப் போரைப் பற்றிய ‘வன்னி’ என்ற சித்திர நூல் ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ். வரைந்தவர் லின்ட்சே பொல்லக். டிக்ஸ் ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போக வேண்டாம் என்று மக்கள் மன்றாடியதைப் பார்த்துக்கொண்டே வெளியேற நேர்ந்தவர். தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டு, ஒரு குடும்பத்தின் கதையாக அவற்றைக் கோத்தார். அது தன்வரலாறு இல்லை. பலருடைய அனுபவங்களைச் சேர்த்துப் படைத்த பாத்திரங்கள். அதை நூல் மறைக்கவும் இல்லை. பேசினால் ஆபத்து என்ற நிலையில் இருக்கும் சாட்சிகளுக்கு வரைந்த முகம் ஒரு காப்பு. புகைப்படக் கருவி போக முடியாத இடத்துக்குப் பேனா போக முடியும் என்பதற்கு அந்நூல் சான்று.

ஆனால் 2009 முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தாங்களே வரையும் நூல்கள் தமிழில் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சென்னையிலும் டொராண்டோவிலும் வரையத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, சிறிய கேள்விகளைக் கேளுங்கள். பதுங்குகுழியின் வாய் எந்தப் பக்கம் இருந்தது, கஞ்சியை எதில் வாங்கிக் குடித்தீர்கள், கையில் இருந்த பை என்ன நிறம் என்று கேளுங்கள். ‘என்ன நடந்தது?’ என்ற பெரிய கேள்விக்கு வாயடைத்துப் போகும் அம்மம்மா, பையின் நிறத்தைச் சொல்லத் தொடங்கி மற்றதையும் சொல்லக்கூடும். சொல்ல விரும்பாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். அந்த இடம் கறுப்புக் கட்டமாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, முரண்பாடுகளைத் திருத்தாதீர்கள். அப்பா ஒரு மாதிரியும் அத்தை வேறு மாதிரியும் சொன்னால் இரண்டையும் வரையுங்கள். எங்கள் தரப்புக்கு இது பலவீனமாகிவிடுமே என்று அஞ்ச வேண்டாம். பிசிறில்லாத வாக்குமூலத்தைத்தான் மறுப்பவர்கள் எளிதாகச் சந்தேகிப்பார்கள். இசைக்குழுவையும் அதை மறைத்த உடல்களையும் சேர்த்து வரைந்த அந்தப் பக்கத்தை எவராலும் பொய் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, நீங்கள் எங்கே நின்றுகொண்டு வரைகிறீர்கள் என்பதையும் வரையுங்கள். கண்டவரா, கேட்டவரா, பிறகு பிறந்தவரா? கேட்டவர் கண்டவரைப் போல நடித்தால் உண்மையில் கண்டவரின் சொல்லும் மதிப்பிழந்துவிடும்.

வாசகர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. படம்தானே என்று அரை மணியில் புரட்டி முடிப்பதை விடுவோம். கட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளியை நிரப்பும் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டிருக்கிறது. நாம் அதில் எதை இட்டு நிரப்புகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். பெருங்கொடுமைகள் நடந்தபின் அவற்றை மறுக்க ஆட்கள் எப்போதும் வருவார்கள். அவர்களுக்கு எதிரே உரத்த குரல் மட்டும் போதாது. கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், தெரியாததைத் தெரியாததாகவும் சொல்லும் நேர்மை வேண்டும். அந்த நேர்மையைக் கோடு கோடாகப் பழக்குவதால்தான் இந்த நூல்களை நம் நூலகங்களிலும் வகுப்பறைகளிலும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.